மீனின் வயிற்றில் ஒரு தழும்பு

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அதனால் சனிக்கிழமைக் கறிக்கு ஒரு தனி மரியாதை உண்டு. அப்படி ஒரு சனிக்கிழமை முழு லக்ஸ் ஒன்றை வாங்கிக் குசினி மேசையில் வைத்திருந்தேன். சால்மன் மீனை நோர்வேயில் லக்ஸ் என்பார்கள். இங்குள்ள தமிழ் வீடுகளிலும் அதுதான் பெயர். மீனின் வயிற்றை விரித்துத் தண்ணீர் பிடித்துக் கழுவிக்கொண்டிருந்த மாமி திடீரென்று கையை எடுத்துவிட்டார்.

"இது என்ன பிள்ளை, உள்ளுக்கை கறுப்பாக் கிடக்கு? பித்தம் உடைஞ்சதோ?"

குனிந்து பார்த்தேன். பித்தம் இல்லை. வயிற்றுச் சுவரின் உட்புறத்தில், மை தொட்ட விரலால் ஒருமுறை இழுத்துவிட்டது போல ஒரு கறை. அதன் ஓரத்தில் சிலந்தி நூல் போன்ற மெல்லிய சவ்வு குடலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்திருந்த அடையாளம். எனக்கு அது பழகிய கறை. தடுப்பூசியின் தழும்பு. எண்ணெயில் குழைத்த மருந்து போய்த் தங்கிய இடத்தை அந்த மீனின் உடல் சுற்றி மூடி, கருநிறம் பூசி வைத்திருக்கிறது.

"ஊசியோ? மீனுக்கோ?" மாமி யாழ்ப்பாணத்துக் காரைநகரிலிருந்து வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. நான் மீன் பண்ணையில் வேலை செய்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். அங்கே என் கை என்ன செய்கிறது என்பது தெரியாது. "நான் வேலையிலை செய்யிறதே இதுதான் மாமி" என்றேன்.

அவர் கழுவுவதை நிறுத்திவிட்டு, "கொல்லப்போற சீவனுக்கு வருத்தம் வராமல் ஊசி போடுறியள். இது புண்ணியமோ பாவமோ, எனக்கு விளங்கேல்லை" என்றார்.

என்னைக் குற்றம் சொல்ல அவர் கேட்கவில்லை. ஊர்ச் சிவன் கோயிலான ஈழத்துச் சிதம்பரத்துத் தேர் வீதியில் வளர்ந்த ஒருவருக்கு எந்தச் செயலும் இந்த இரண்டு பெட்டிகளில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. கறி கொதித்தது, எல்லோரும் சாப்பிட்டோம். ஆனால் கேள்வி என்னோடு வேலைக்கு வந்துவிட்டது.

நானும் காரைநகர்தான். அப்பா சீநோர் படகுத்துறையில் படகு கட்டியவர். குருநகரிலிருந்து 1956இல் நோர்வேக்கு வந்த அந்தனி இராஜேந்திரம், நோர்வே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு எங்கள் ஊர்க் கரையில் தொடங்கிய முயற்சி அது. அவர் திறந்த பாதையால் வந்து, இந்த நாட்டின் வடமுனையில் மீன் தொழிற்சாலைகளில் நின்ற தமிழர் எத்தனையோ பேர். அந்த வடமுனையில் உள்ள பின்மார்க்கில் ஆறு வருடம் கொட் மீனின் முள்ளை எடுத்தபடி நானும் நின்றேன். அங்கே வரும் மீன் ஏற்கெனவே செத்த மீன். அதைப்பற்றி எனக்குக் கேள்வி எதுவும் எழுந்ததில்லை. கடல் தந்தது, மனிதர் பிடித்தார்கள், நான் வெட்டினேன். பிறகு தெற்கே வந்து, ஹித்ரா தீவுக்கு எதிர்க்கரையில் ஒரு குஞ்சுப் பண்ணையில் சேர்ந்தேன். பதினொரு வருடமாக அங்கே உயிருள்ள மீனைத் தொடுகிறேன்.

வேலை இதுதான். குஞ்சுகள் உள்ளங்கை நீளம் வளர்ந்து ஐம்பது, அறுபது கிராம் எடை வந்ததும் தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்குவோம். பிறகு மயக்க மருந்து கலந்த தண்ணீருக்குள் விடுவோம். ஓரிரு நிமிடத்தில் அவை சாய்ந்து, வெள்ளை வயிறு தெரிய மிதக்கும். அங்கிருந்து வழுக்கிக்கொண்டு எங்கள் எஃகு மேசைக்கு வரும். இடது கை மீனைத் திருப்பிப் பிடிக்கும். வலது கையில் ஊசித் துப்பாக்கி. வயிற்றின் நடுக்கோட்டில், வயிற்றுச் செட்டைக்குச் சற்று முன்னால் குத்த வேண்டும். ஆழம் கூடினால் குடல், குறைந்தால் தசை. உள்ளே போவது 0.05 மில்லிலீட்டர். ஒரே ஒரு துளி. அடுத்த கணம் மீன் நல்ல தண்ணீர் ஓடும் குழாய்க்குள் போய்விடும். கை பழகியவர் மணிக்கு ஆயிரத்துக்கு மேல் போடலாம். இயந்திரங்கள் இதைவிடப் பல மடங்கு போடும். அளவு பிசகிய குஞ்சுகளும் சிறு தொகுதிகளும் இன்னும் எங்கள் மேசைக்குத்தான் வருகின்றன.

அந்த ஒரு துளிக்குள் செத்த கிருமிகள் இருக்கின்றன. கட்டி நோய் தரும் ஏரோமோனாஸ் சால்மொனிசிடா, இரத்தம் கசிய வைக்கும் இரண்டு விப்ரியோ இனங்கள், குளிர்காலத்தில் உடம்பைப் புண்ணாக்கும் மொரிட்டெல்லா விஸ்கோசா. இவற்றோடு பெரும்பாலும் ஒரு வைரசும் இருக்கும். கொன்று, எண்ணெயோடு கலந்து வைத்திருக்கிறார்கள். எண்ணெய் கரையாமல் வயிற்றுக்குள் கிடந்து மெல்ல மெல்லப் பகைவனைக் காட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்கும். மீனுக்கு எலும்பு மச்சை கிடையாது, நமக்குள்ளது போன்ற நிணநீர் முடிச்சுகள் கிடையாது. தலைப்பக்கச் சிறுநீரகமும் மண்ணீரலும் அந்த வேலையைச் செய்கின்றன. தான் ஒருபோதும் சந்தித்திராத நோயை அந்தச் சிறிய உடல் நினைவில் எழுதிக்கொள்கிறது. அது எழுதி முடிக்கக் காலம் வேண்டும். தண்ணீரின் வெப்பநிலையை நாட்களால் பெருக்கி ஏறக்குறைய 500 வரும்வரை கடலுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் கணக்கு. பத்துப் பாகை என்றால் ஐம்பது நாள். கும்பாபிஷேகத்துக்குப் பின் மண்டலாபிஷேகம் முடிகிற காலத்தை ஒட்டி வரும். முதல் வருடம் அந்தக் கணக்கைக் கேட்டதும் எனக்குக் கோயில்தான் நினைவுக்கு வந்தது.

மாமியின் கேள்விக்கு முதலில் தோன்றும் பதில் ஒன்று உண்டு. எங்கள் மேசையிலேயே அதைச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். இது வியாபாரம். செத்த மீனை விற்க முடியாது, ஆகவே சாகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இதில் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. மாட்டுக்கு வைக்கோல் போடுவது போல.

இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனால் ஊசி வருவதற்கு முந்திய காலத்தைக் கண்ட ஒரு நோர்வேக்காரர் எங்கள் பண்ணையில் இருந்தார், ஓய்வு பெற்றுவிட்டார். அவர் சொன்னவற்றைக் கேட்ட பிறகு என்னால் இதோடு நிறுத்த முடியவில்லை. 1970களின் கடைசியில் புதிதாக ஒரு நோய் இந்தக் கரையில் மீன்களைக் கொன்றது. ஹித்ராவைச் சுற்றிய பண்ணைகளில் கண்டதால் அதற்கு ஹித்ரா நோய் என்றே பெயர். குளிர் நீர் விப்ரியோதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. 1985இல் ஸ்கொட்லாந்திலிருந்து கொண்டுவந்த குஞ்சுகளோடு கட்டி நோயும் வந்து சேர்ந்தது. 1992 முடிவதற்குள் அது 500க்கும் மேற்பட்ட பண்ணைகளில் பரவிவிட்டது. அதைவிடக் கொடுமை, 70க்கும் மேற்பட்ட ஆறுகளுக்குள்ளும் ஏறிவிட்டது. பண்ணையே பார்த்திராத, யாருக்கும் சொந்தமில்லாத காட்டு லக்ஸ் தன் பிறந்த ஆற்றுக்கு முட்டையிடத் திரும்பி வந்து, மனிதர் கொண்டுவந்த கட்டியோடு செத்தது.

தினமும் காலையில் வலையோடு போய்ச் செத்ததை அள்ளுவோம் என்பார் அவர். உயிரோடு இருப்பவற்றின் விலாவில் கட்டி உடைந்து சதை தெரியும். தீனி எல்லாவற்றிலும் நுண்ணுயிர்க்கொல்லி கலந்திருக்கும். 1987இல் இந்த நாட்டின் மீன் பண்ணைகள் பயன்படுத்திய நுண்ணுயிர்க்கொல்லி ஏறக்குறைய 48 டன். அன்றைய உற்பத்தி 50,000 டன்னை ஒட்டித்தான். எண்ணெய் கலந்த தடுப்பூசிகள் 1990களின் தொடக்கத்தில் வந்தன. சில வருடங்களிலேயே அந்த மருந்துக் கணக்கு சரிந்து விழுந்தது. இன்று உற்பத்தி 15 லட்சம் டன் அளவில் நிற்கிறது, நுண்ணுயிர்க்கொல்லியோ 1 டன்னுக்கும் குறைவு. கடலின் அடியில் மருந்து சேர்வதும், அதற்குப் பழகிய கிருமிகள் பெருகி ஒருநாள் நம் பிள்ளைகளின் காய்ச்சலுக்கே மருந்து இல்லாமல் போவதும் எவ்வளவு பெரிய தீங்கு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவையும் மாமிக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அது எங்களுக்கு நல்லது. மீனுக்கு?" என்றார்.

அவர் விடமாட்டார். அவர் கேட்டதும் சரி. ஊரில் வேள்விக்கு நேர்ந்த கடாவை எப்படி வளர்ப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிள்ளைக்கு ஊட்டுவது போல ஊட்டி, தடவி, மழையில் நனையாமல் உள்ளே கட்டி, அதற்குச் சளி பிடித்தால் வைத்தியரைக் கூப்பிட்டு, கடைசியில் குளிப்பாட்டி மாலை போட்டுக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த அன்பு பொய் என்று யாரும் சொல்ல முடியாது. அழுதுகொண்டே கயிற்றைக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்த அன்பு கடாவுக்கு எதற்கு உதவியது? என் ஊசியும் அந்த மாலையின் வகையைச் சேர்ந்ததுதானா? பல இரவுகள் இது என்னைத் தூங்க விடவில்லை.

கோயிலில் ஐயரிடம் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வினை நோக்கத்தைப் பற்றி நிற்கும், நீங்கள் எந்த எண்ணத்தோடு ஊசி போடுகிறீர்களோ அதுவே உங்களைச் சேரும் என்றார். இது நான் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த சைவம். மறுக்கவில்லை. ஆனால் அது என் உயிரைப் பற்றிய கணக்கு. நான் இரக்கத்தோடு போட்டாலும் சம்பளத்துக்காகப் போட்டாலும் அந்தக் குஞ்சுக்குக் கிடைப்பது ஒரே துளிதான். விலாவில் கட்டி வெடித்து அழுகிச் சாகாமல் இருப்பது என் எண்ணத்தால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சைவ சித்தாந்தம் என்னைப் போலவே அதையும் ஒரு பசு என்கிறது. மலத்தால் கட்டுண்டு, வினைக்கேற்ற உடலெடுத்து, இன்பமும் துன்பமும் நுகரும் உயிர். அப்படியென்றால் அதன் துன்பத்தை அதன் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டாமா?

மீனுக்கு நோகுமா என்ற கேள்வியை விஞ்ஞானம் நெடுங்காலம் தள்ளியே வைத்திருந்தது. 2003இல் பிரித்தானியாவில் லின் ஸ்னெடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் வானவில் ட்ரவுட் மீனின் முகத்தில் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் அமிலம் ஏற்றிய மீன்கள் தீனியை மறந்து, பக்கவாட்டில் ஆடி, உதட்டைச் சரளைக் கற்களில் தேய்த்தன. நோர்வேயில் 2010இல் நடைமுறைக்கு வந்த விலங்கு நலச் சட்டம், மனிதருக்கு என்ன பயன் என்பதைத் தள்ளிவைத்து, விலங்குக்குத் தனக்கென்றே ஒரு மதிப்பு உண்டு என்று சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குள் மீன் உண்டு, நண்டு உண்டு, கணவாய் உண்டு, தேனீயும் உண்டு. நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு என்று தொல்காப்பியத்து மரபியல் வகுத்து எவ்வளவோ நூற்றாண்டு ஆகிறது. அறிவை எண்ணத் தெரிந்த நாம் அதைச் சட்டமாக்க நினைக்கவில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

நோவு பற்றி எனக்கு நூலறிவைவிட நெருக்கமான அறிவு ஒன்றும் வந்து சேர்ந்தது. ஐந்தாவது வருடத்தில் ஒருநாள், வேலை முடிய இருபது நிமிடம் இருக்கையில், ஒரு குஞ்சு மயக்கம் தெளிந்து துள்ளியது. ஊசி என் இடது மோதிர விரலுக்குள் போய்விட்டது. துளி முழுவதும் உள்ளே. எண்ணெய் மருந்து விரலுக்குள் போனால் தாமதிக்காமல் டொக்டரிடம் போகவேண்டும் என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். போனேன். விரல் அன்றிரவு கத்தரிக்காய் போல வீங்கியது. வாரக்கணக்கில் மடக்க முடியவில்லை. பூமாலை கட்ட முடியவில்லை, பிள்ளையின் தலை பின்ன முடியவில்லை. குளிர் தொடங்கினால் இன்றைக்கும் அந்த மூட்டு என்னை எழுப்பும்.

என் எடை அறுபத்திரண்டு கிலோ. குஞ்சின் எடை அறுபது கிராம். துளி ஒன்றுதான்.

அதற்குப் பிறகு மேசையில் என் கை முன்போல இல்லை. ஊசி போட்ட மீன் பல நாள் தீனி எடுக்காது என்று எனக்கு முன்பும் தெரியும். ஆனால் இப்போது ஏன் என்று தெரியும். சில மீன்களின் குடலும் ஈரலும் வயிற்றுச் சுவரோடு ஒட்டிப்போகும். அதை அளக்க ஸ்பெயில்பெர்க் அளவு என்று 0 முதல் 6 வரை ஒரு வரிசை இருக்கிறது. மீன் சுகாதார அலுவலர் சில மீன்களை அறுத்து உள்ளே பார்த்து இலக்கம் போடுவார். 1 என்றால் மெல்லிய ஒட்டல், 6 என்றால் உள்ளுறுப்பைப் பிரித்தெடுக்கவே முடியாது. பழைய ஊசிகளில் முதுகெலும்பு கோணியதும் உண்டு. மருந்தின் அளவு குறைந்து, எண்ணெய் மாறி, இன்று நிலைமை எவ்வளவோ திருந்தியிருக்கிறது. ஆனாலும் மாமி கண்ட அந்தக் கறுப்புக் கறை இருக்கிறது. வரக்கூடிய பெருநோவுக்குப் பதிலாக நிச்சயமான ஒரு சிறுநோவை எல்லா மீனுக்கும் நாங்கள் கொடுக்கிறோம். பிள்ளைக்கு ஊசி போடும்போதும் அப்படித்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு முன்னால் எழுபது, எண்பது வருடம் இருக்கிறது. இந்த மீனுக்கு இருப்பது ஒன்றரை வருடம். அதன் முடிவில் நிற்பவர்களும் நாங்கள்தான்.

அப்படியானால் விட்டுவிடலாமா? ஊசியும் வேண்டாம், பண்ணையும் வேண்டாம், மச்சமே வேண்டாம். வள்ளுவர் புலால்மறுத்தலில் வாங்குகிறவனையும் விற்கிறவனையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டார், அந்தக் கயிற்றிலிருந்து தப்ப எனக்கு வழியில்லை. வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி உண்பவள் நான். முழுச் சைவமாக வாழ்பவர்கள் என்னைவிட நேரான வழியில் நிற்கிறார்கள் என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்களில் சிலர், பண்ணை மீனின் நோயைப் பற்றிப் பேசுவதே வீண், கொலை கொலைதான், அதற்கு முன் மீன் எப்படி இருந்தால் என்ன என்கிறார்கள். இந்த இடத்தில் நான் அவர்களோடு உடன்படவில்லை. இன்று இரவு இந்தக் கரையின் கூடுகளில் கோடிக்கணக்கான மீன் நீந்திக்கொண்டிருக்கிறது. அவற்றின் சாவைப் பற்றி நாம் வாதாடி முடிவதற்குள் அவற்றின் வாழ்வு முடிந்துவிடும். கடைசி நிமிடம் ஒன்றுதான் கேள்வி என்றால், அதற்கு முந்திய எட்டு லட்சம் நிமிடங்களை யார் பொறுப்பேற்பது?

மனுவின் கதையில் ஒரு சிறுமீன் வருகிறது. சதபத பிராமணத்தில் உள்ள கதை. மனு கை கழுவும்போது அவர் கைக்குள் வந்து, பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும், என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுவேன் என்கிறது. அவர் அதை முதலில் குடத்தில் வைக்கிறார், வளர்ந்ததும் குழியில், பிறகு கடலில் விடுகிறார். அந்தக் குடம்தான் எனக்குத் தெரிந்த மிகப் பழைய மீன் பண்ணை. அதில் ஒரு விஷயம் என்னை நிறுத்துகிறது. அங்கே மீன் கேட்டது, மனு கொடுத்தார். எங்கள் குஞ்சு எதையும் கேட்கவில்லை. தாய் மீனின் வயிற்றிலிருந்து முட்டையை எடுத்து, தட்டில் பரப்பி, குளிர்நீர் ஓடவிட்டு, அதை உலகத்துக்குக் கொண்டுவந்தவர்களே நாங்கள்தான். முட்டைக்குள் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியத் தொடங்கும் நாளைக் கண் விழுந்த நாள் என்போம். அதற்கு முன் தட்டை அசைத்தாலும் முட்டை செத்துவிடக்கூடும். பார்வையாலேயே மீன் தன் முட்டையைப் பொரிக்கும் என்பது நம் மரபு. குரு பார்வையால் தரும் நயன தீட்சைக்கு அதைத்தான் உவமை சொல்வார்கள். எங்கள் குஞ்சுகளுக்கு அந்தத் தாயின் பார்வை கிடைப்பதில்லை. அந்தத் தட்டைக் குனிந்து பார்க்கும் கண் என்னுடையது.

இதை யோசித்தபோதுதான் மாமியின் இரண்டு பெட்டிகளுக்கு வெளியே மூன்றாவது ஒன்று இருப்பது எனக்குத் தெரிந்தது. அதன் பெயர் கடன். புண்ணியம் என்றால் செய்யாவிட்டாலும் குற்றமில்லை, செய்தால் சேரும். ஊசி அப்படிப்பட்டதில்லை. கடலில் பிறந்த மீனுக்கு நோய் வந்தால் நான் அதற்கு எதுவும் கடன்பட்டவள் அல்ல. அதற்கு ஓட இடமிருந்தது, ஆழமிருந்தது, அதன் தலைவிதியில் என் கை இல்லை. வலைக்குள் வைத்தவர், ஓட வழியை அடைத்தவர், பக்கத்து மீனின் கிருமி அதன் மேல் படும்படி நெருக்கியவர் மனிதர். ஆகவே அந்த நோயைத் தடுப்பது மனிதரின் கடன். கடனைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு யாரும் மாலை போடமாட்டார்கள். கொடுக்காதவனுக்குக் கொலையோடு வதையும் கணக்கில் ஏறும். ஊசி கொலையைக் கழுவாது. அதற்காக ஊசியை விட்டுவிடவும் முடியாது.

கடன் என்று சொன்னால் இன்னொன்றும் உடனே வந்து நிற்கிறது. எவ்வளவு கடன், எங்கே தீரும்? தொழில் இதை ஒரு துளியோடு தீர்ந்ததாக எண்ணத் தொடங்கிவிட்டது என்பது என் மனத்தாங்கல். ஒரு கூட்டில் 2,00,000 மீன் வரை சட்டம் அனுமதிக்கிறது. ஒரு கனமீட்டர் தண்ணீரில் 25 கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் சட்டம். ஊசி இல்லாவிட்டால் இந்த நெருக்கத்தை நினைத்தும் பார்க்க முடியாது; ஆக, ஊசியே நெருக்கத்துக்கு அனுமதிச் சீட்டாகிவிட்டது. பாக்டீரியாவிலிருந்து காப்பாற்றிய மீனைக் கடற்பேன் தின்கிறது, பேனை அகற்ற வெந்நீரில் முக்குகிறோம், அந்தச் சூட்டில் காயம், காயத்தில் குளிர்காலப் புண். 2023இல் கடற்கூடுகளில் மட்டும் 6 கோடிக்கும் மேற்பட்ட லக்ஸ் செத்தது. நூற்றுக்குப் பதினாறுக்கு மேல். பேன் தின்பதற்கென்று லம்ப் மீன் என்று இன்னொரு சாதியையும் வளர்த்து, அதற்கும் ஊசி போட்டு, அதே கூட்டுக்குள் விடுகிறார்கள். உருண்டையாக, குழந்தைக் கை போல மென்மையான மீன் அது. உறிஞ்சிக்கொண்டு கையில் ஒட்டும். அதை யாரும் பெரிதாகத் தின்பதுமில்லை. வேலைக்காக மட்டும் பிறப்பிக்கப்பட்டு, பெரும்பாலும் அந்தக் கூட்டிலேயே செத்துப்போகிறது. லக்ஸுக்கு ஊசி போடும்போது என் மனம் கடன் என்று சொல்லி அமைதி கொள்கிறது. லம்ப் மீன் மேசைக்கு வரும் நாட்களில் அந்தச் சொல்லும் போதவில்லை.

அதிபத்த நாயனாரை அடிக்கடி நினைக்கிறேன். நாகப்பட்டினத்து நுளைப்பாடியில் வலைவீசிப் பிழைத்தவர். அன்றாடம் அகப்பட்டதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே திரும்ப விட்டவர். ஒரு மீன் மட்டும் அகப்பட்டு வீடு பட்டினி கிடந்த நாளிலும் அதையே விட்டார். கடைசியில் பொன்னும் மணியுமாய் ஒரு மீன் வந்தபோதும் விட்டார். சேக்கிழார் இவரை மீன் பிடித்த குற்றத்துக்காகத் தள்ளவில்லை, அறுபத்துமூவரில் ஒருவராகவே பாடினார். பக்தியின் கதை என்று சின்ன வயதில் படித்தேன். இப்போது எனக்கு அது அளவின் கதையாகவும் தெரிகிறது. அகப்படுவது எல்லாம் என்னுடையது இல்லை என்று தினமும் ஒருமுறை தன் கையாலேயே தனக்குச் சொல்லிக்கொண்ட மனிதர். எங்கள் தொழிலில் கடலுக்குத் திரும்பக் கொடுப்பது எதுவென்று தேடினால், எண்ணிக்கையைக் குறைப்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு கூட்டில் குறைந்த மீன், இரு வளர்ப்புச் சுற்றுகளுக்கு இடையே கடலடிக்கு நீண்ட ஓய்வு, ஊசிக்குப் பின் குஞ்சுக்கு முழு ஐம்பது நாள். குஞ்சுகளை ஏற்றும் கப்பல் வந்துவிட்டது என்று நாற்பதில் அனுப்பச் சொன்னால் மறுக்கிற துணிவு. இவற்றில் கடைசி ஒன்று மட்டும் என் போன்றவர்கள் கையில் இருக்கிறது. இரண்டு முறை மறுத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மாமிக்கு இந்தப் பதிலைச் சொன்னேன். புண்ணியம் இல்லை மாமி, பட்ட கடன், அதுவும் இன்னும் தீராத கடன் என்றேன். அவர் அன்றும் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: "உதைத் தின்னுறவைக்கு அந்தக் கடனிலை பங்கில்லையோ?"

இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒஸ்லோவிலோ பாரிசிலோ லண்டனிலோ நீங்கள் இந்த மீனை வாங்குகிறீர்கள். கடையில் அதன் பளபளப்பைப் பார்க்கிறீர்கள், விலையைக் கேட்கிறீர்கள். அது எந்தக் கூட்டிலிருந்து வந்தது, அந்தக் கூட்டில் அதோடு விடப்பட்டவற்றில் எத்தனை சந்தைக்கு வராமலே செத்தன என்றும் கேளுங்கள். நோர்வேயின் கால்நடை மருத்துவ நிறுவனம் மீன் சுகாதார அறிக்கையை ஆண்டுதோறும் யாரும் படிக்கும்படி வெளியிடுகிறது. கடைக்காரருக்கு முதல்நாள் பதில் தெரியாது. பத்துப் பேர் கேட்டால் அவர் தனக்கு மீன் கொடுப்பவரிடம் கேட்பார். கேட்டுவிட்டு வாங்குங்கள்.